பாலைக் காய்ச்சுவது எதற்காக?

பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். கண்ணெடுக்காமல்தான் பார்க்கிறீர்கள். வாசலில் கீரைக்காரம்மாவின் குரல் கேட்கிறது. அவருக்குத் தர வேண்டிய பாக்கி நினைவுக்கு வருகிறது. திரும்பினால் நுரை விளிம்புவரை ஏறிவிட்டது. கை ஓடிப்போய்த் தீயைத் தணிக்கிறது.

மூச்சைக் கவனிக்கும் தியானமும் இப்படித்தான் நடக்கிறது. மூக்கு நுனியில் காற்று போய்வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். மனம் எங்கோ போய்விடுகிறது. போனது தெரிந்ததும் கூட்டிவருகிறோம். புதிதாக உட்காருகிறவர்கள் மனம் ஓடியதைத் தோல்வி என்று எண்ணிச் சோர்ந்துவிடுகிறார்கள். பால் பொங்கத்தான் செய்யும். அதைக் கண்டு கை அடுப்புக்குப் போகிறதே, அந்தக் கணம்தான் பயிற்சி. அரை மணி நேரத்தில் நூறு முறை மனம் ஓடி, நூறு முறை திரும்பினால், நூறு முறை பயின்றதாகக் கணக்கு.

இதுவரை எல்லா அடுப்பிலும் ஒரே வேலை. பாலை எதற்காக ஏற்றினோம் என்பதில்தான் வீட்டுக்கு வீடு மாறுகிறது.

பால் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும், குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஒரு வீட்டின் தேவை. 1979-ல் ஜான் கபட்-ஜின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய பயிற்சி அந்த வகை. நாள்பட்ட வலியோடு, மருத்துவத்தால் முழுமையாகத் தீராமல் தவித்தவர்கள் அங்கே வந்தார்கள். அவர் ஜென், விபாசனா என்ற பௌத்தத் தியான மரபுகளைப் பயின்றவர். ஆனாலும் சமயச் சொற்களை ஓரமாக வைத்துவிட்டு எட்டு வாரப் பாடமாக அமைத்தார். தொடக்கத்திலேயே கையில் ஓர் உலர்திராட்சையைக் கொடுத்து, பார்த்து, முகர்ந்து, மெதுவாக மெல்லச் சொல்வார்கள். வலி வேறு, அந்த வலியைக் கண்டு மனம் போடும் கூச்சல் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், வலி இருக்கும்போதே பாரம் குறையும். அந்தப் பயிற்சி இயங்குவது அப்படித்தான்.

இன்னொரு வீட்டில் நெய் வேண்டும்.

1955. மண்டலேயில் பிறந்த வணிகர் எஸ்.என். கோயங்காவுக்குக் கடுமையான ஒற்றைத் தலைவலி. மார்ஃபின் ஊசி போடும் அளவுக்கு முற்றியிருந்தது. ரங்கூனில் தியானம் கற்பித்துவந்த ஊ பா கினைத் தேடிப் போனார். பர்மா அரசில் கணக்குத் துறையின் தலைமைப் பதவி வகித்தவர் ஊ பா கின். தலைவலிக்காக மட்டும் வருவதானால் சேர்த்துக்கொள்ள முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். துன்பத்தின் வேரிலிருந்து விடுபடுவதற்கான வழியைத் தலைவலி மருந்தாக்குவது அந்த வழிக்கே இழுக்கு என்பது அவர் எண்ணம். தலைவலி போனால் போகட்டும், அது கூட வருகிற பலன்.

24 ஆண்டு இடைவெளியில், வலிக்காக வந்த ஒருவருக்கு ஒரு கதவு மூடியது, வலிக்காகவே இன்னொரு கதவு திறந்தது. இரண்டுமே நேர்மையான கதவுகள் என்றுதான் நான் நினைக்கிறேன். பசித்த குழந்தைக்கு முன்னால் நெய்யின் பெருமையைப் பேசக் கூடாது. பால் காய்ந்ததுமே நெய் வந்துவிட்டது என்றும் சொல்லக் கூடாது.

நெய் காய்ச்சும்போது உற்றுக் கேட்டிருக்கிறீர்களா? வெண்ணெய் உருகியதும் சடசடவென்று சத்தம் கிளம்பும். உள்ளே ஒளிந்திருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறும் சத்தம் அது. தீயைக் கூட்டினால் கசடு கருகும். பொறுத்திருந்தால் தண்ணீர் தீரும், கசடு அடியில் படியும், சத்தம் தானாக அடங்கும். என் அம்மா கண்ணைவிடக் காதை நம்பித்தான் அடுப்பை அணைப்பார்.

தலைவலியை ஒதுக்கிவைத்துவிட்டு ஊ பா கினிடமே பயின்ற கோயங்கா பின்னாளில் கற்பித்த பத்து நாள் விபாசனா பயிற்சியின் இயக்கம் எனக்கு இப்படித்தான் புரிந்தது. முதல் மூன்றரை நாள் மூச்சு மட்டும். பிறகு தலைமுதல் கால்வரை உடலின் உணர்ச்சிகளைக் கவனிக்கிறார்கள். ஒருவர் திட்டினால் அந்தச் சொல்லுக்குக் கோபப்படுவதாக நினைக்கிறோம். சொல் பட்டதும் உடலில் எழும் சூட்டுக்கும் படபடப்புக்கும்தான் மனம் எகிறுகிறது என்கிறது இந்த மரபு. முழங்கால் வலிக்கும். இனிமையான சிலிர்ப்பும் வரும். வெறுக்காமல், ஒட்டிக்கொள்ளாமல் இரண்டையும் பார்த்தால், எதிர்வினை என்ற தீனி கிடைக்காத பழைய பதிவுகள் ஒவ்வொன்றாக மேலே வந்து தீர்ந்துபோகும் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்போது எழும் சடசடப்பைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கடுமையான மன உளைச்சலில் இருப்பவர்களுக்கு இந்தச் சூடு தாங்காது. விண்ணப்பப் படிவத்திலேயே மனநலம் பற்றிக் கேட்கிறார்கள். தயவுசெய்து அங்கே உண்மையை எழுதுங்கள்.

ஆக, அடுப்பை எங்கே அணைப்பது என்பதில்தான் வேறுபாடு. நிம்மதி வந்தால் போதும் என்பவர் அங்கேயே அணைக்கலாம். விடுதலை தேடுபவருக்கு அந்த நிம்மதியும் வந்துபோகும் ஓர் உணர்ச்சிதான். பாலுக்குள் மறைந்திருக்கும் நெய்யை இறைவனுக்கு உவமையாக்கிய அப்பரோ, அதைக் கடைந்தெடுக்க அன்பையும் உணர்வையும் கேட்டார். அவர் கடைவது இறைவன் முன்வந்து நிற்பதற்காக. பால் அதேதான், கேட்பது வேறு.

மூன்றாவது ஒரு சமையலறையில் என் உவமை செல்லாது. அங்கே பாலும் இல்லை, நெய்யும் இல்லை. 1223-ல் ஜப்பானிய ஜென் துறவி தோகென் சீனத் துறைமுகத்தில் கப்பலிலேயே தங்கியிருந்தார். மடம் ஒன்றின் சமையற்காரரான முதிய துறவி காளான் வாங்க அந்தக் கப்பலுக்கு வெகுதூரம் நடந்து வந்தார். இந்த வயதில் சமையல் எதற்கு, உட்கார்ந்து தியானம் செய்யலாமே என்று கேட்டார் தோகென். முதியவர் சிரித்தார். பயிற்சி என்றால் என்னவென்று உனக்கு இன்னும் தெரியவில்லை என்றார்.

அமர்வதே விழிப்பு, அது எதற்கோ வழி அல்ல என்று தோகென் பின்னாளில் கற்பித்தார். மடத்துச் சமையற்காரர்களுக்காக 1237-ல் ஒரு நூலே எழுதினார். அரிசி களைவதையும் கல் பொறுக்குவதையும் அவ்வளவு மதித்த அந்த நூலில் இந்தச் சந்திப்பையும் பதிந்திருக்கிறார்.

இரவு தங்கிப் போகலாமே என்று தோகென் அன்று கேட்டுப் பார்த்தார். மறுநாள் மடத்தில் விருந்து. தான் போகாவிட்டால் சமையல் கெட்டுவிடும் என்று சொல்லி, காளானோடு கிளம்பிவிட்டார் முதியவர்.