ஏரிக்கரையில் ஒரு கலங்கரை விளக்கம்

கலங்கரை விளக்கம் என்றால் கடற்கரையில்தான் இருக்கும் என்று நானும் எண்ணியிருந்தேன். ஒளியியல் பாடத்துக்காக ஃபிரெனெல் லென்சைப் பற்றி நூலகத்தில் படித்தபோது, செங்குத்துப் பாறையின் உச்சியில் நிற்கும் ஒரு விளக்கின் படத்தைக் கண்டேன். அடியில் 'ஸ்பிளிட் ராக், சுப்பீரியர் ஏரி' என்றிருந்தது. ஏரிக்கு எதற்குக் கலங்கரை விளக்கம்? இந்த ஐயமே இக்கட்டுரைக்கு வித்து.

ஏரி என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது கரையும் மதகும்தான். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையே கிடக்கும் சுப்பீரியரோ ஏறத்தாழ 82,000 சதுர கிலோமீட்டர் பரப்பும், 1,300 அடிக்கு மேற்பட்ட ஆழமும் உடையது. நீர் நன்னீர்; சீற்றம் மட்டும் கடலின் சீற்றம். மின்னசோட்டா மாநிலச் சுரங்கங்களின் இரும்புத்தாது இவ்வேரி வழியாகவே எஃகு ஆலைகளுக்குச் செல்கிறது.

1905 நவம்பர் 28 அன்று வீசிய புயலில் ஏறத்தாழ முப்பது கப்பல்கள் சேதமுற்றன. 'மடீரா' என்னும் இழுவைக் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. ஃபிரெட் பென்சன் என்ற மாலுமி கயிற்றுடன் பாறைமேல் தாவி ஏறி, தோழர்களைக் காப்பாற்றினார். ஒருவர் மட்டும் மாண்டார். 'மாட்டாஃபா' கப்பலின் கதை இன்னும் கொடிது. டுலூத் துறைமுக வாயிலிலேயே அது தரைதட்டியது. கரையில் ஆயிரக்கணக்கானோர் கையற்று நிற்க, ஒன்பது பேர் மாண்டனர். அந்தத் துறைமுகத்தில் விளக்கு அன்றே இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விளக்கு வழியைக் காட்டும், அலையை அடக்காது.

ஆயினும் வடகரைக்கு ஒரு விளக்கு தேவைப்பட்டது. அப்பகுதிப் பாறைகளிலுள்ள இரும்பு, திசைகாட்டியின் முள்ளைப் பிறழச் செய்யுமாம். எந்த இரும்பைத் தேடிக் கப்பல்கள் வந்தனவோ, அதே இரும்பு அவற்றை வழிதவறவும் செய்தது! கப்பல் நிறுவனங்கள் வற்புறுத்தவே, 1907-இல் அமெரிக்கக் காங்கிரஸ் 75,000 டாலர் ஒதுக்கியது. பொறியாளர் ரால்ஃப் ரஸ்ஸல் டிங்கம் வடிவமைத்தார். அங்கே அப்போது சாலை கிடையாது. செங்கல், சிமெண்டு முதல் அனைத்தும் படகில் வந்து, நீராவிப் பளுதூக்கியால் நூறடிக்கும் மேலான பாறை உச்சிக்கு ஏற்றப்பட்டன. 1910 கோடையில் விளக்கு ஏற்றப்பட்டது. கோபுரத்தின் உயரம் 54 அடிதான். பாறையின் தயவால் ஒளி நீர்மட்டத்துக்கு மேல் 168 அடியில் நின்றது.

இனி என் மனம் கவர்ந்த பகுதி. விளக்கின் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறும். அதை ஒரே கற்றையாக்கப் பெரிய குவிலென்சு வைத்தால் கண்ணாடி தடித்து, எடை கூடி, ஒளியையும் விழுங்கிவிடும். ஒளி வளைவது கண்ணாடியின் பரப்பில்தானே, நடுவிலுள்ள தடிப்பு எதற்கு என்று கேட்டவர் பிரெஞ்சு அறிஞர் ஃபிரெனெல். வளைபரப்பை மட்டும் வளையங்களாக வைத்துக்கொண்டு தடிப்பை நீக்கினார். ஓரத்து முப்பட்டகங்களில் முழு அகப் பிரதிபலிப்பு நிகழ்கிறது. நாம் தேர்வுக்கு உருப்போடும் அதே விதிதான்! ஸ்பிளிட் ராக்கின் லென்சு பாரிசில் செய்யப்பட்டது. சிப்பியின் இரு ஓடுகள் போன்ற அமைப்பு. பாதரசத்தில் மிதந்தபடி அது சுழல, பத்து வினாடிக்கு ஒருமுறை ஒளி வீசும். சுழற்றியது கடிகாரப் பொறி; இரண்டு மணிக்கு ஒருமுறை காவலர் அதன் எடையைச் சுற்றி மேலேற்ற வேண்டும். மண்ணெண்ணெய் விளக்கு போய் மின்விளக்கு வந்தது 1940-இல்.

புதிய கருவிகள் கப்பல்களுக்கு வழிகாட்டத் தொடங்கியதால், 1969-இல் விளக்கு பணியிலிருந்து ஓய்வு பெற்றது. இன்று மின்னசோட்டா வரலாற்றுக் கழகம் அதைப் பேணுகிறது.

ஆறாண்டு கழித்து, 1975 நவம்பர் 10 அன்று, இரும்புத்தாது ஏற்றிச் சென்ற 'எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்' என்ற பெருங்கப்பல் இதே ஏரியில், வெகு தொலைவில், புயலில் மூழ்கியது. ஒருவரும் தப்பவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் ஸ்பிளிட் ராக்கில் கூடி, மாண்ட 29 பேரின் பெயர்களையும் படிக்கிறார்கள். பெயருக்கு ஒருமுறை மணி ஒலிக்கிறது. ஏரியில் மறைந்த மற்ற எல்லாருக்குமாக முப்பதாவது முறையும் ஒலிக்கிறது. பிறகு விளக்கை ஏற்றுகிறார்கள்.