அறிக்கைச் சொல்லும் அரசின் கடப்பாடும்: கனடா ஆவணம் ஒன்றன் மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

1. முன்னுரை

கனடாவில் 1980 முதல் 2012 வரை பூர்வகுடிப் பெண்கள் 1,017 பேர் கொலையுண்டனர் என்றும், மேலும் 164 பேர் காணாமற்போனோர் பட்டியலில் உள்ளனர் என்றும் அந்நாட்டுக் கூட்டரசுக் காவற்படை 2014இல் அறிவித்தது. இது குறித்து அமைக்கப்பெற்ற தேசிய விசாரணை ஆணையம் 2016 செப்டம்பரில் பணி தொடங்கி, 2019 ஜூன் 3இல் இறுதி அறிக்கையை வெளியிட்டது. அதன் தொடர்ச்சியாகத் தேசியச் செயல்திட்டம் 2021 ஜூன் 3இல் வெளிவந்தது. இவ்வாவணங்களைத் தமிழாக்குவோர் சந்திக்கும் மூன்று சொற்சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. சொல் நெகிழின் அரசின் கடப்பாடும் நெகிழ்ந்து தோன்றும் என்பது இதன் கருத்து.

2. குடிப்பெயர்

'இண்டிஜினஸ்' என்பதைப் 'பழங்குடி' எனல் எளிது. ஆயினும் இந்தியாவில் அது அரசியலமைப்பின் பட்டியலைச் சுட்டும் ஆட்சிச்சொல்லாக நிலைத்துவிட்டது. கனடாவில் இப்பெயர் முதற்குடிகள், இனுயிட், மேட்டி ஆகிய மூன்று மக்களினங்களைத் தழுவியது. எனவே 'பூர்வகுடி' என்பதே ஏற்றது.

3. காணாமற்போதல்

'காணாமற்போன' என்பது தன்வினை. செய்தவரை அது சுட்டுவதில்லை. 'காணாமலாக்கப்பட்ட' என்னும் செயப்பாட்டு வடிவம் அக்குறையை நீக்குவதுபோல் தோன்றும். ஆனால் இலங்கைத் தமிழில் அது போர்க்காலத்தில் வலிந்து கடத்தப்பட்டோரைக் குறித்து வேரூன்றிய சொல். கனடாவில் காணாமற்போன பலருக்கு நேர்ந்தது யாதெனத் துலங்கவில்லை. ஆகவே அவ்வடிவம் மூலம் கூறாததைக் கூறிவிடும். 'காணாமற்போன, கொலையுண்ட' என இரண்டையும் இணைத்தே வழங்குதல் வேண்டும்.

4. நீதிக்கான அறைகூவல்

அறிக்கையின் 231 கூறுகளும் வெறும் பரிந்துரைகள் அல்ல, சட்டக் கட்டாயங்கள் என ஆணையமே வெளிப்படக் கூறியுள்ளது. 'பரிந்துரை'யைக் கொள்ளலும் தள்ளலும் பெறுவோர் விருப்பம். 'கோரிக்கை' கீழிருந்து மேற்செல்வது. 'அழைப்பு' விழாவுக்கும் உரியது. 'அறைகூவல்' மேடைத்தமிழ்ச் சாயல் உடையதெனினும், மறுமொழியைக் கடமையாக்கும் பொருளால் மூலத்திற்கு அண்மையது.

வினைமுற்றிலும் இக்கவனம் தேவை. பூர்வகுடி உரிமைகளுக்கெனத் தனி முறைகேள் அலுவலரையும் தீர்ப்பாயத்தையும் நிறுவுமாறு ஒரு கூறு அரசுகளைப் பணிக்கிறது. அதனை 'நிறுவ வேண்டும்' என்பதே நேரிது. 'நிறுவுவது குறித்துப் பரிசீலிக்கலாம்' எனின் கடமை விருப்பமாகிவிடும்.

5. முடிவுரை

குடும்பத்தார், உயிர்பிழைத்தோர், வல்லுநர், மரபறிவாளர் என 2,380க்கு மேற்பட்டோர் இவ்விசாரணையில் பங்குகொண்டனர். அவர்கள் கூற்றின்மீது எழுந்த கட்டளைகள் தமிழில் வேண்டுகோளாகத் தேய்ந்துவிடலாகாது. ஆட்சிமொழி ஆவணங்களைப் பெயர்ப்போர் கலைச்சொற் பட்டியலோடு நில்லாது, யார் யாரிடம் எவ்வுரிமையில் பேசுகின்றனர் என்பதையும் முதற்கண் வரையறுத்துக்கொள்ளல் நலம்.