வானத்தில் நான்கு மணி, தரையில் எத்தனை?

சிப்பாங்கிலுள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் நேர்வழித் தூரம் ஏறத்தாழ 2,630 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் என்று வகுத்தால் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். டிக்கெட்டோ நான்கு மணி நேரத்தை ஒட்டிச் சொல்லும். விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, எதிர்க்காற்று, இறங்கக் காத்திருப்பது எல்லாம் அந்தக் கணக்கில் சேர்வதே காரணம். இதற்கு மேல் கடிகாரம் வேறு குழப்பும். காலை 9 மணிக்குக் கிளம்பினால் சென்னையில் 10.30, அங்கே இரவு 11-க்கு ஏறினால் இங்கே விடிகாலை 5.30. இரண்டரை மணி நேர வித்தியாசம் போகும்போது பயணத்தைச் சுருக்கிக் காட்டுகிறது, வரும்போது நீட்டிக் காட்டுகிறது. 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தது. அதற்கு முன் இந்த வித்தியாசம் இரண்டே மணி நேரம்தான்.

ஆகவே தூரத்தை மட்டும் வைத்துப் பயண நேரத்தை அளக்க முடியாது. கிள்ளானை அடுத்த மேருவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். சுபாங் விமான நிலையம் மேருவிலிருந்து நேர்க்கோட்டில் 12 கிலோமீட்டர்தான். 1998-இல் விமானங்கள் அங்கிருந்து சிப்பாங்குக்கு மாறியபோது சென்னை ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தள்ளிப்போனது. வானத்தில் அது மூன்று நிமிடம்கூட இல்லை. ஆனால் மேருவாசிக்கு விமான நிலையம் நேர்க்கோட்டிலேயே 50 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது, சாலையில் இன்னும் அதிகம். நெரிசலுக்குப் பயந்து சீக்கிரமே கிளம்ப வேண்டும்; மூன்று மணி நேரம் முன்னதாக வந்து நிற்க வேண்டும்; சென்னையில் குடிநுழைவு வரிசை, பெட்டிக்கான காத்திருப்பு. எல்லாம் கூட்டினால் ஒன்பது மணி நேரம் ஆகிறது, பறப்பது அதில் பாதிகூட இல்லை. சென்னையிலிருந்து ரஜுலா கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு (இன்றைய கிள்ளான் துறைமுகம்) வந்துபோன காலத்தில் பயணமே ஏறத்தாழ ஒரு வாரம். தரையில் செலவாகும் சில மணி நேரத்தை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். கடல்வழி வான்வழியானபின் அந்த மணிகளே கனக்கின்றன.

சிப்பாங் விமான நிலையத்துக்கு விரைவு ரயில் இருக்கிறதே என்பார்கள். 2002-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் பிரிக்பீல்ட்ஸில் உள்ள கே.எல். சென்ட்ரலிலிருந்து 57 கிலோமீட்டரை அரை மணி நேர அளவில் கடக்கிறது. பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு அது வரம். மேருவாசியோ முதலில் கிள்ளானுக்கு வந்து, கொமுட்டர் ரயிலில் கிழக்கே போய், பிறகு தெற்கே திரும்ப வேண்டும். விமானத்தின் வேகம் கூடினால் தீரும் என்பதும் சரியல்ல. பயணிகள் ஜெட்டின் வேகம் 1960-களிலிருந்து பெரிதாக மாறவில்லை. தூரம்தானே எரிபொருளையும் கட்டணத்தையும் தீர்மானிக்கிறது என்ற வாதத்தில் நியாயம் உண்டு, ஆனால் அது விமான நிறுவனத்தின் கணக்கு. தரையில் போகும் நேரத்தைக் குறைக்க வழி உண்டு: 2024-இல் சுபாங் சிறிய ரக ஜெட்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. சென்னைக்கும் திருச்சிக்கும் அத்தகைய ஜெட்களே போதும். சுற்றிலும் குடியிருப்புகள் இருப்பதால் இரைச்சல் பற்றிய கவலை நியாயமானது. இரவு விமானங்களைத் தவிர்த்து, பகலில் ஓரிரண்டையாவது அங்கிருந்து விடலாம். அதுவும் முடியாதென்றால், கிள்ளானிலிருந்து சிப்பாங்குக்கு நேரடி ரயில் கேட்பதில் தவறில்லை.