தர்பாருக்குப் போன வக்கீல்

திருச்சி தில்லை நகர் கிராஸ் தெருக்களில் டாக்டர் போர்டுகளுக்கு நடுவே சட்டத் தொழிலின் போர்டுகளும் தொங்குகின்றன. எழுதியிருப்பது ‘வழக்கறிஞர்’ அல்லது ‘அட்வகேட்’. ‘வக்கீல்’ என்று எழுதிய போர்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தமிழுக்காக வாழ்நாளெல்லாம் வாதாடிய கி.ஆ.பெ. விசுவநாதம் இந்த ஊர்க்காரர். அவர் பெயரில் தில்லை நகரிலேயே பள்ளி இருக்கிறது. போர்டு தமிழானதில் அவர் போன்றவர்களுக்குப் பங்குண்டு. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும் கட்சிக்காரர் கேட்பது இன்றும் “வக்கீல் சார் இருக்காரா?” என்றுதான்.

1751-ல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி திருச்சிக் கோட்டைக்குள் முற்றுகையில் அகப்பட்டிருந்தபோது, வக்கீல் என்பவர் கோர்ட்டுக்குப் போகிறவர் அல்ல, தர்பாருக்குப் போகிறவர். எசமானின் ஆளாக இன்னொரு அரசவையில் உட்கார்ந்து பேரம் பேசுவார், கடிதம் எழுதுவார், காது கொடுப்பார். படை அனுப்பினால் திருச்சியையே தருவதாக மைசூருக்கு நவாப் ரகசியமாக வாக்குக் கொடுத்தாரே, அப்படிப்பட்ட வாக்குகளைச் சுமந்து திரிவதுதான் வக்கீல்களின் பிழைப்பு. 1752-ல் முற்றுகையிட்ட சந்தா சாகிப்பின் தலை போயிற்று. மைசூருக்கோ ஊர் கிடைக்கவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் நடமாடும் வக்கீல்களும் இந்த ரகம்தான்.

சொல்லின் வேர் அரபு. ‘வகீல்’ என்றால் காரியத்தை நம்பி ஒப்படைக்கப்பட்டவர். இறைவனின் 99 திருநாமங்களில் ‘அல்-வகீல்’ ஒன்று. பாரசீகம் அதை அரண்மனைக்குக் கொண்டுபோனது. அக்பரின் இளவயதில் ஆட்சியை நடத்திய பைராம் கான் வகித்தது வக்கீல் பதவி. ஈரானை ஆண்ட கரீம் கான், ஷா என்று பட்டம் சூடாமல் வக்கீல் என்றே சொல்லிக்கொண்டார்; ஷிராஸ் நகரில் அவர் கட்டிய கடைத்தெருவுக்கு இன்றும் வக்கீல் பஜார் என்று பெயர். ஈரானில் இப்போதும் வழக்காடுபவர் வக்கீல்தான். அரபு நாடுகளிலோ அவர் ‘முஹாமி’. திருச்சியிலிருந்து விமானம் ஏறி வளைகுடாவுக்குப் போகிறவர் அங்கே ‘வகீல்’ என்று விசாரித்தால், கார் கம்பெனியின் ஏஜென்ட்டைக் காட்டினாலும் காட்டுவார்கள்.

நம்மிடம் அந்தச் சொல்லைக் கோர்ட்டுக்குள் இழுத்து வந்தது கிழக்கிந்தியக் கம்பெனி. சென்னை மாகாணத்தில் 1802-ன் ஒழுங்குமுறைச் சட்டங்கள் நீதிமன்ற வக்கீலை வகுத்தன. 1862-ல் உயர் நீதிமன்றம் வந்ததும் ஒரு சாதிப்பிரிவினையும் வந்தது: லண்டனில் படித்த பாரிஸ்டர் மேலே, உள்ளூரில் படித்த வக்கீல் ஒரு படி கீழே. 1926-ன் பார் கவுன்சில் சட்டம் அந்தப் படியை உடைக்கத் தொடங்கியது. 1961-ன் சட்டத்தில் எல்லோரும் அட்வகேட். வக்கீல் என்ற சொல்லுக்கு அரசாங்க உத்தியோகம் போனது அப்படித்தான்.

போனாலும் ‘வக்காலத்து’ போகவில்லை. தில்லை நகர் ஆபீசில் குமாஸ்தா நீட்டும் முதல் தாள் அதுதான். வழக்கு எண்ணுக்கான இடம் காலியாகவே இருக்கும். சேமநல நிதி ஸ்டாம்ப் ஒரு ஓரத்தில். கட்சிக்காரர் கண்ணாடியைத் தேடுவார், பிறகு படிக்காமலே கையெழுத்துப் போடுவார். என் சார்பில் ஆஜராகலாம், பேசலாம், ராஜி செய்துகொள்ளலாம் என்று எழுதிக்கொடுக்கிறார். நவாப் தன் வக்கீலிடம் ஒப்படைத்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான். நவாபாவது படித்துப் பார்த்திருப்பார்.

வீட்டுப் பேச்சில் இதே சொல் வசவாகிவிட்டது. “அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குற?” என்றால், கேட்காமலே வாதாட வந்தவள் என்று அர்த்தம். ‘வாய்தா’வின் கதை இன்னும் வேடிக்கை: அரபில் அது வாக்குறுதி, நம் கோர்ட்டில் ஒத்திவைப்பு. இழுத்தடித்த சிவில் வழக்கு ஒன்றையாவது வைத்திருப்பவருக்கு இரண்டும் எப்படி ஒன்றானது என்று விளக்க வேண்டியதில்லை.

முகம்மது அலி அடங்கியிருக்கும் நத்தர்வலி தர்கா தில்லை நகரிலிருந்து ஆட்டோ தூரம்தான். அவர் காலத்து வக்கீலின் சாயல் இன்னும் மறையவில்லை: நம் ஊர் முஸ்லிம் வீட்டு நிக்காஹ்களில் பெண்ணிடம் போய்ச் சம்மதம் கேட்டு, அவள் சார்பில் சபையில் பேசுகிறவருக்கு இன்றும் வக்கீல் என்றே பெயர். பெரும்பாலும் நெருங்கிய உறவினர். அவர் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. நிக்காஹ் பதிவேட்டில் அவர் கையெழுத்துக்கென்று இடம் உண்டு, பீஸ் கிடையாது.