பிங் வருது... பேக்கப் ஏன் வரலை? வரிசையா செக் பண்ணுங்க!

2017 ஜூன் 27. நாட்பெட்யா சைபர் தாக்குதலில், மெர்ஸ்க் குழுமம் நடத்திய நவி மும்பை ஜே.என்.பி.டி துறைமுக முனையத்தில் வேலை முடங்கியது. உலகம் முழுக்க 4,000 சர்வர்களை அந்தக் குழுமம் மறுபடி நிறுவ நேர்ந்தது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் சரக்கு அலுவலகங்களும் யோசிக்க வேண்டிய விஷயம் இது: நம்ம பேக்கப் ஓடுதா?

அலுவலக கம்ப்யூட்டரின் ஐபி முகவரி 192.168 என்று தொடங்கினால், அது பிரைவேட் நெட்வொர்க். வெளியே உள்ள பேக்கப் சர்வரால் நேரடியாக அதைத் தொட முடியாது, விபிஎன் தேவை. விபிஎன் இருந்தும் இணைப்பு கிடைக்கலையா?

* ஐபி மாறிடுச்சா? ரௌட்டரில் அந்த கம்ப்யூட்டருக்கு நிலையான ஐபி ஒதுக்குங்க.

* இரண்டு ஆபீஸிலும் 192.168.1 வரிசையா? விபிஎன் குழம்பிடும். ஒரு பக்கம் வரிசையை மாத்துங்க.

* பிங் மட்டும் வருதா? ஃபயர்வாலில் போர்ட் மூடியிருக்கலாம். பக்குலா மென்பொருள் என்றால் 9102. பேக்கப் சர்வருக்கு மட்டும் திறங்க, ஊருக்கே திறக்காதீங்க.

இணைப்பு கிடைத்ததும் ஒரு ஃபைலை மீட்டுப் பாருங்க. திரும்பி வந்தால்தான் அது பேக்கப். இன்னொரு நகலை நெட்வொர்க்கில் இருந்து கழற்றியே வையுங்க. மெர்ஸ்க்கைக் கைதூக்கி விட்டதும், கானாவில் மின்வெட்டால் இணைப்பு அறுந்து கிடந்த ஒரு சர்வர்தான்.