ஆண்டு சொல்லாது, கோப்பை சொல்லும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் சுவைகள் – 14

கோலாலம்பூரின் பழைய சீனத் தேயிலைக் கடைகளில் லியூ பாவ் என்ற கறுந்தேயிலையை விசாரித்தால் முதலில் காதில் விழுவது ஆண்டுக்கணக்குதான். இது தொண்ணூறுகளின் சரக்கு, அது எண்பதுகளின் சரக்கு என்று சொல்லச் சொல்ல விலையும் படிப்படியாக ஏறும். சிவப்பு ஒயினை நிலவறையில் பாதுகாப்பவர்களும் இதே கணக்கோடுதான் வாழ்கிறார்கள். புட்டியை இந்த ஆண்டு திறப்பதா, இன்னும் ஐந்தாண்டு விடுவதா என்று அட்டவணை பார்க்கிறார்கள். ஒரு பானம் பக்குவப்பட்டுவிட்டதா என்ற கேள்விக்கு இரு கூட்டத்தாரும் நாள்காட்டியில் பதில் தேடுகிறார்கள். அங்கே பதில் கிடைக்காது என்பதே இந்த வாரத்தில் நான் முன்வைக்கும் வாதம். பக்குவத்தை முடிவு செய்பவை இரண்டு: சரக்கு கிடந்த கிடங்கு, கடைசியில் கோப்பை. வெயிலும் ஈரமும் ஓயாத நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் இது இரட்டிப்பு உண்மை.

இந்தத் தேயிலை இங்கே வந்த கதையே என் முதல் சான்று. தென்சீனத்தின் குவாங்சி மாநிலத்தில் வூசோ நகரைச் சேர்ந்த மலைப்பகுதி ஒன்றின் பெயர் லியூ பாவ். தேயிலைக்கும் அதுவே பெயராயிற்று. அங்கிருந்து ஆற்றுவழியே குவாங்சோவுக்கும், ஹாங்காங் வழியாக மலாயாவுக்கும் அது மூங்கில் கூடைகளில் வந்தது. 1857இல் அம்பாங்கில் ஈயம் தோண்ட ஆட்கள் வந்ததிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கு ஈய லம்பங்களின், அதாவது ஈயச் சுரங்கங்களின், நாடாயிற்று. வெயிலிலும் சேற்றிலும் நாள் முழுதும் நின்ற சீனத் தொழிலாளர்களுக்கு இது அன்றாடக் குடிநீர். உடம்பில் ஏறிய ஈரத்தையும் சூட்டையும் இறக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். பிறகு 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின. சுங்கை பீசியில் வெட்டிய பெரும்பள்ளம் இன்று ஏரியாகக் கிடக்கிறது. குடிக்க ஆளில்லாமல் கடைகளிலும் கிடங்குகளிலும் தங்கிப்போன கூடைகளைத்தான், 2000க்குப் பிறகு சீனத்தில் பழந்தேயிலை மோகம் எழுந்தபோது, வாங்க ஆள் வந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. இத்தனை ஆண்டு கழித்துத் திறக்கலாம் என்று திட்டமிட்டு யாரும் அந்தக் கூடைகளை வைக்கவில்லை. விற்காததால் அவை கிடந்தன. அப்படியிருக்க, கிடந்த ஆண்டுகளின் எண்ணிக்கை எப்படித் தரச்சான்று ஆகும்?

கிடக்கும் காலத்தில் உள்ளே நடப்பது என்ன என்று பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். இளம் சிவப்பு ஒயினில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு டானின்களால் வருவது. அவை நிறமிகளோடும் தமக்குள்ளும் கைகோத்துப் பெரிய மூலக்கூறுகளாகின்றன; ஒரு பகுதி வண்டலாக அடியில் படிகிறது. ஊதா கலந்த சிவப்பு மெல்லச் செங்கல் நிறத்துக்கு மாறுகிறது, துவர்ப்பு தணிகிறது. ஒயின் முதிர்வதில் காற்றுக்குப் பங்கு உண்டு என்பதை, 1866இல் வெளியிட்ட ஆய்வில் லூயி பாஸ்டர் காட்டினார். காற்றோடு சேர்த்து அடைத்த குழாயில் ஒயின் நிறம் மாறி வண்டல் விட்டது. காற்றில்லாமல் அடைத்தது அப்படி மாறவில்லை. தேயிலையிலும் கதை ஏறத்தாழ இதேதான். கசப்பும் துவர்ப்பும் தரும் கேட்டக்கின்கள் காற்றாலும் நுண்ணுயிர்களாலும் உருமாறி, செம்பழுப்பு நிறம் தரும் பொருள்களாகின்றன. ஆனால் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. ஒயின் தக்கைக்குள் அடைபட்டு, ஏறத்தாழ 13 டிகிரி குளிரில் மிகக் குறைவாக மூச்சுவிட்டு முதிர வேண்டியது. லியூ பாவ் கூடையின் இடுக்குகள் வழியே காற்றையும் ஈரத்தையும் வாங்கி முதிர வேண்டியது. அதனால்தான் கோலாலம்பூரின் 27, 28 டிகிரி வெப்பம் குளிரூட்டாத அறையில் இருக்கும் ஒயினைக் கெடுக்கிறது. அதே வெப்பம் தேயிலையை ஆக்குகிறது. ஒரே கூரையின் கீழ் ஒரே பத்தாண்டுகள் இரண்டும் இருந்தால் ஒன்று அழிந்திருக்கும், மற்றொன்று கனிந்திருக்கும். பத்தாண்டு என்ற எண் மட்டும் இரண்டுக்கும் பொது.

ஒரே தேயிலைக்கும் இது பொருந்தும். வேதிவினைகள் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ இருமடங்கு வேகம் கொள்ளும் என்பது பொதுக்கணக்கு. சீனத்தின் குன்மிங் நகரம் இதமான குளிரும் பெரும்பாலும் நம் ஊரைவிட வறண்ட காற்றும் உள்ளது. நம் ஊரில் காற்றின் ஈரப்பதமே எண்பது விழுக்காட்டை ஒட்டி நிற்கும். அங்கே பத்தாண்டு இருந்த இலையும் இங்கே பத்தாண்டு இருந்த இலையும் ஒரே வயதினவே தவிர ஒரே முதிர்ச்சி உடையன அல்ல. ஊர் விட்டு ஊர் போகவேண்டியதும் இல்லை. ஒரே கூடைக்குள்ளேயே இந்த வேறுபாடு இருக்கிறது. வெளிப்புற இலை காற்று பட்டுச் சீக்கிரம் மாறும், நடுப்பகுதி பின்தங்கும். சுவரை ஒட்டித் தரையில் வைத்த கூடை ஈரத்தை உறிஞ்சும். பலகைமேல் உயர்த்தி வைத்தது காய்ந்தே இருக்கும். மழைக்காலத்தில் சன்னலைத் திறந்துவைத்த கடைவீட்டின் மாடியும், நாள் முழுதும் குளிரூட்டிய அடுக்குமாடி வீடும் ஒரே தெருவில் இருந்தாலும் தேயிலைக்கு அவை இரண்டு நாடுகள். எந்த ஆண்டு என்று மட்டும் கேட்டு, எங்கே இருந்தது என்று கேட்காமல் வாங்குபவர் பாதி விவரத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

அப்படியானால் முடிவெடுப்பது எப்படி? ஐந்து கிராம் இலை போதும். மூடியுள்ள சிறிய பீங்கான் கிண்ணத்தில் போட்டு, கொதிநிலை குறையாத நீரை ஊற்றி, முதல் நீரை உடனே வடித்துக் கொட்ட வேண்டும். இரண்டாம் நீரிலிருந்துதான் தீர்ப்பு. சிவப்பு, கெட்டித்தன்மை, பழமை, இதம் என்று சீன வணிகர்கள் நான்கு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். வடிநீர் செம்பழுப்பாக, வெளிச்சத்தில் பிடித்தால் கலங்கலின்றித் தெளிந்து நிற்க வேண்டும். கிடங்கு வாடை முதலிரண்டு நீரோடு போய்விட வேண்டும். நான்காம் நீரிலும் அது பிடிவாதமாக நின்றால் இன்னும் காற்றாட விடவேண்டிய சரக்கு, இல்லையேல் ஈரத்தில் கெட்ட சரக்கு. விழுங்கியபின் தொண்டை வறளாமல் இனிப்பு ஊறிவர வேண்டும். நன்கு முதிர்ந்ததன் உச்ச அடையாளமாக அவர்கள் சொல்வது பாக்கு மணம். சீவல் தட்டும் தாம்பூலமும் வீட்டில் புழங்க வளர்ந்த தமிழருக்கு அந்த மணத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. இந்தச் சோதனையில் நம் மூக்கு தேர்ந்த மூக்கு. கடைசியாக, வடித்த இலையை விரலிடையில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று விரிந்து கொடுத்தால் இலையில் உயிர் இருக்கிறது. எத்தனை நீர் ஊற்றியும் விரியாமல் கரித்துண்டாக இறுகிக் கிடந்தால் அது முதிர்ந்ததன்று, ஆலையிலேயே வெந்து கருகியது.

நிறத்தை மட்டும் நம்பாமல் இத்தனையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1950களின் பிற்பகுதியிலிருந்து வூசோவில் இலையை நீர் தெளித்துக் குவித்து, சில வாரங்களிலேயே கறுக்கவைக்கும் முறை வந்தது. 1973இல் யுன்னானின் பூ-அர் தேயிலையிலும் இதுபோன்ற முறை புகுந்தது. ஆலையை விட்டு வரும்போதே இருண்ட நிறத்தோடு வரும் இலை, பார்வைக்கு முப்பதாண்டுக் கிழம்போல் தோன்றும். நல்ல குவிப்பு முறை தவறல்ல. அதைப் பழமை என்று விற்பதுதான் தவறு. பூஞ்சையைப் பற்றியும் திட்டமாகச் சொல்லியாக வேண்டும். இலைமேல் மஞ்சள் புள்ளிகளாகப் படியும் ஒருவகைப் பூஞ்சையைப் ‘பொற்பூ’ என்று வணிகர்கள் விரும்புகிறார்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ வெண்பஞ்சாகவோ படர்ந்து மக்கிய நெடி அடிப்பது வேறு. அதைக் கழுவிக் குடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. அது சுவையின் பிரச்சினை அல்ல, உடல்நலத்தின் பிரச்சினை.

ஆண்டு சான்றாகாது என்ற என் வாதத்துக்கு வரும் முதல் மறுப்பு: பழையது சிறந்தது இல்லையென்றால் சந்தை ஏன் இத்தனை விலை கொடுக்கிறது? விலை அளப்பது அருமையை. எண்பதுகளின் கூடைகள் குறைந்துகொண்டே போகின்றன, ஆகவே விலை ஏறுகிறது. கோப்பைக்குள் இருப்பதும் கூடவே ஏறுகிறது என்பதற்கு அது சான்றாகாது. முதிர்ச்சிக்கு ஏறுமுகம் இருப்பதுபோல் இறங்குமுகமும் உண்டு. காத்திருந்து காத்திருந்து கனிச்சுவை வற்றி, புளிப்பும் பழுப்பு நிறமும் மட்டும் மிஞ்சிய ஒயின் புட்டிகள் உலகெங்கும் உண்டு. உலகில் உற்பத்தியாகும் ஒயினில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுவது. தேயிலையும் ஈரம் மிகுந்தால் சாரம் இழந்து வெறும் நிறநீராகும். புது அரிசி குழைந்துவிடும் என்று நம் வீடுகளில் பழைய அரிசி கேட்டு வாங்குகிறோம். அதற்காக வண்டு விழுந்த அரிசியை இன்னும் பழையது என்று கூடுதல் விலைக்கு யாரும் வாங்குவதில்லை. அந்தத் தெளிவு தேயிலையிலும் வேண்டும்.

இரண்டாம் மறுப்பு இன்னும் கனமானது. சுவை அவரவர் விருப்பம், கோப்பையைத் தீர்ப்பாளியாக்கினால் ஆளுக்கொரு தீர்ப்பு வராதா? விருப்பமும் பக்குவமும் வேறு வேறு என்பது என் பதில். துவர்ப்பு தூக்கலான இளம் தேயிலையையே ஒருவர் விரும்பலாம். அது அவர் உரிமை. ஆனால் துவர்ப்பு தொண்டையைப் பிடிக்கிறதா, வாடை போய்விட்டதா, நீர் தெளிவாக இருக்கிறதா, இலை விரிகிறதா என்பவை பலர் சேர்ந்து பார்த்து ஒத்துக்கொள்ளக்கூடியவை. ஆண்டைச் சொல்லாமல் மூன்று கிண்ணங்களை வரிசையாக வைத்துக் குடிக்கச் செய்தால் இந்த நான்கில் கருத்து வேறுபாடு மிகக் குறைவாகவே வரும். ஆண்டைச் சொல்லிவிட்டு வைத்தால் நாக்குக்கு முன்னால் மனம் தீர்ப்பு எழுதிவிடும். சுவையின் நம்பகத்தன்மையைக் கெடுப்பது நாக்கைவிட ஆண்டு எழுதிய சீட்டுதான்.

மூன்றாவதாக, ருசித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றால் ஒயின் புட்டியைத் திறந்தபின் தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் நல்ல ஒயினைப் பன்னிரண்டு புட்டிப் பெட்டியாக வாங்கி, சில ஆண்டுக்கு ஒன்றாகத் திறக்கும் வழக்கம் பிரிட்டனில் வேரூன்றியது. 1966இல் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தின் ஒயின் பிரிவுக்குத் தலைமையேற்ற மைக்கேல் பிராட்பென்ட், ஒரே ஒயினைப் பல பத்தாண்டுகளில் திரும்பத் திரும்ப ருசித்து எழுதிவைத்த குறிப்பேடுகளால்தான் பெயர் பெற்றார். ஒரு ஒயினின் வாழ்க்கை ஒற்றைத் தேதியில் அடங்காது என்பதற்கு அந்தக் குறிப்புகளே சாட்சி. ஏறி, சிலகாலம் உச்சத்தில் நின்று, இறங்கும் நீண்ட பருவம் அது. தேயிலை வாங்குபவருக்கு இந்த வசதி இன்னும் மலிவாகவே கிடைத்திருக்கிறது. ஒரு கிலோவில் இருநூறு சோதனைகள் இருக்கின்றன. ஐந்து கிராம் எடுத்துப் பார்த்ததால் மீதி கெடுவதில்லை. ஆண்டுக்கு இருமுறை, ஒரே கிண்ணம், ஒரே அளவு, ஒரே கொதிநீர் என்று வைத்து, கண்டதை ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வந்தால் போதும். எழுதியதை அடுத்தடுத்துப் படிக்கும்போது துவர்ப்பு தணிவதும், மணம் எழுவதும், ஒருநாள் அது நின்றுபோவதும் தெரிந்துவிடும். நின்ற இடத்தில் குடிக்கத் தொடங்குவதே சரியான முடிவு.

தயங்கும்போது எந்தப் பக்கம் சாய்வது என்பதிலும் எனக்குத் திடமான கருத்து உண்டு. சற்று முந்திக் குடித்தால் இழப்பது கொஞ்சம் மென்மை. மிகப் பிந்தினால் இழப்பது மொத்தமும். ஒயினானாலும் தேயிலையானாலும் முந்துவதே நல்லது. குளிரூட்டாத அறையில் சிவப்பு ஒயினை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் ஐரோப்பிய அட்டவணையைப் பார்த்துக் காத்திருக்கவே வேண்டாம். அந்த அட்டவணை வேறொரு குளிருக்கு எழுதியது. அதேபோல் தேயிலை விற்பவர்களும் சீட்டில் ஆண்டை எழுதும் இடத்தில், எந்த ஊரில், எப்படிப்பட்ட கிடங்கில், எத்தனை காலம் இருந்தது என்பதையும் எழுத வேண்டும். வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கின் வெயிலும் ஈரமும் சேர்ந்து ஆக்கிய சுவைக்குத் தர நிர்ணயம் செய்யும் உரிமை, இங்கே வாழ்ந்து இங்கே குடிப்பவர்களுக்கு உண்டு. அந்த உரிமையைச் சீட்டில் அச்சிட்ட ஓர் எண்ணிடம் ஒப்படைத்துவிடக் கூடாது.

(தொடரும்)