சில்லறைக் காசும் செல்வக் கனவும்

கடையிற் பொருள் வாங்கியவர் மீதியாகக் கிடைக்கும் சில்லறையை எண்ணிப் பார்ப்பதுண்டு. உற்றுப் பார்ப்பது அரிது. காசு கைக்கு வருவதும் கையை விட்டுப் போவதும் நாள்தோறும் நிகழ்வனவாகையால், அதில் எந்த ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கின்றது, எந்த உலோகத்தால் அது ஆக்கப்பட்டது என்று ஆராய்வார் முன்னர் மிகச் சிலராகவே இருந்தனர். அண்மைக் காலத்தில் இந்நிலை மாறிவிட்டது. கைத்தொலைபேசியைத் திறந்தவுடன், இன்ன காசு வீட்டில் இருந்தால் இலட்சக்கணக்கான ரூபா காத்திருக்கின்றது என்று ஒரு குரல் அழைக்கின்றது. உண்டியல்கள் உடைக்கப்படுகின்றன, பாட்டியின் பழம் பெட்டகம் கவிழ்க்கப்படுகின்றது. சிலர் தேடிக் களைத்து ஓய்ந்துவிடுகின்றனர். சிலரோ கையிலிருந்த பணத்தையும் இழந்து நிற்கின்றனர்.

சில்லறையிற் செல்வம் கிடைக்கும் என்பது முழுப் பொய்யோ எனின், அன்று. முழு மெய்யோ எனின், அதுவும் அன்று. மெய் எவ்விடத்தில் முடிகின்றது, பொய் எவ்விடத்தில் தொடங்குகின்றது என்பதை அறிவதற்கு, ஐக்கிய அமெரிக்காவில் ஒரு பாடசாலை மாணவனுக்கு நேர்ந்த அநுபவம் பெரிதும் துணைசெய்யும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெடிபொருள்களுக்கும் போர்க் கருவிகளுக்கும் செம்பு பெருமளவில் தேவைப்பட்டது. ஆதலின் அமெரிக்க நாணயசாலைகள் 1943ஆம் ஆண்டில் ஒரு சதக் காசைச் செம்பு கலந்த உலோகத்தால் அடிப்பதை நிறுத்தி, நாகப் பூச்சிட்ட உருக்கினால் அடித்தன. மூன்று நாணயசாலைகளிலும் அவ்வாண்டில் அடிக்கப்பட்ட வெண்ணிறச் சதக் காசுகள் 109 கோடிக்கு மேற்பட்டவை. ஆனால் முந்திய ஆண்டில் எஞ்சிய வெண்கல வில்லைகள் சில, வில்லைகளைக் கொண்டு செல்லும் பெட்டிகளின் இடுக்குகளிற் சிக்கியிருந்து, பின்னர் உருக்கு வில்லைகளுடன் கலந்து பொறிக்குள் விழுந்தன என்று கருதப்படுகின்றது. இவ்வாறு தவறுதலாக 1943 என்ற ஆண்டைத் தாங்கிச் செந்நிறக் காசுகள் சில வெளிவந்தன. இன்று அறியப்பட்டுள்ளவை ஏறத்தாழ இருபதே.

மசச்சூசெட்சு மாநிலத்துப் பிட்சுபீல்ட் நகரில், 1947ஆம் ஆண்டு, பதினாறு வயது மாணவனொருவன் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையிற் பெற்ற மீதிச் சில்லறையில் இத்தகைய காசொன்றைக் கண்டான். அந்நாளில் இணையம் இல்லை. எனினும் வதந்திக்குக் குறைவில்லை. செந்நிற 1943ஆம் ஆண்டுச் சதத்தைக் கொண்டு வருவோருக்கு என்றி போர்ட் ஒரு புதிய மோட்டார் வண்டியைப் பரிசாக அளிப்பார் என்று நாடெங்கும் பேசப்பட்டது. மாணவன் அந்நிறுவனத்தாரிடமே வினவினான். செய்தி பொய் என்று அறிந்தான். பின்னர் அரசாங்கத் திறைசேரிக்கு எழுதினான். 1943ஆம் ஆண்டுச் சதங்கள் யாவும் உருக்கினால் ஆனவையே என்று மறுமொழி வந்தது.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் உண்டு. வதந்தி காசின் மதிப்பை ஊதிப் பெருக்கியது. அதிகாரபூர்வமான மறுமொழியோ காசே இல்லையென்றது. இரண்டும் பிழை. உண்மை அம்மாணவனின் உள்ளங்கையில் இருந்தது. அவன் வதந்தியை நம்பி மயங்கவுமில்லை. மறுப்பைக் கேட்டுக் காசை வீசிவிடவுமில்லை. அதனைப் பத்திரமாகப் பேணினான். பழங்காசைப் பற்றிய எல்லா ஆராய்ச்சிக்கும் அடிப்படை இதுவே: பிறர் சொல்வதைக் கேட்பதற்கு முன் காசையே கேட்க வேண்டும். காசு மறுமொழி சொல்லும்.

எவ்வாறு சொல்லும்? முதலிற் காந்தத்தை அருகிற் கொண்டு செல்லலாம். 1943ஆம் ஆண்டு உருக்குச் சதம் காந்தத்தில் ஒட்டும், வெண்கலம் ஒட்டாது. உருக்குச் சதத்துக்குச் செப்புப் பூச்சிட்டு உலாவ விட்டவர் பலர். அவற்றின் வேடம் காந்தம் பட்ட கணத்திலேயே கலைந்துவிடும். அடுத்தது தராசு. வெண்கலச் சதத்தின் நிறை 3.11 கிராம், உருக்குச் சதத்தின் நிறை ஏறத்தாழ 2.7 கிராம். அதன் பின் உருப்பெருக்குக் கண்ணாடி. 1948ஆம் ஆண்டு வெண்கலச் சதத்தில் எட்டின் இடப்பக்கத்தைச் சுரண்டி மூன்றாக்கிய போலிகள் காந்தத்தையும் தராசையும் ஏமாற்றிவிடும். ஆனால் மெய்யான 1943இல் மூன்றின் வால் ஏனைய இலக்கங்களின் அடிக்கோட்டுக்குக் கீழே நீண்டு இறங்கும். எட்டிலிருந்து செதுக்கிய மூன்றுக்கு அவ்வால் இராது. இவை மூன்றுக்கும் தப்பிய காசையே தேர்ந்த நாணய ஆய்வாளரிடம் கொண்டு செல்ல வேண்டும். இத்தேர்வுகளுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். ஆயினும் காணொளியைக் கண்டு கனவு காண்போரிற் பலர் இவ்வளவு சிறு முயற்சியையும் செய்வதில்லை.

காசின் விலையை உறுதிசெய்வன எவை என்பதும் அறியத்தக்கது. பழமையே விலை என்பது பலருடைய எண்ணம். அது தவறு. உரோமப் பேரரசின் பிற்காலச் சிறு செப்புக்காசுகள் ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழமை உடையவை. இலங்கை மண்ணிலும் 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அத்தகைய காசுகள் பெருந்தொகையாகக் கிடைத்துள்ளன. வரலாற்றாசிரியருக்கு அவை அரும்பொருள். ஆனால் பல்லாயிரக்கணக்கில் எஞ்சியிருப்பதால், தேய்ந்த உரோமக் காசு உலகச் சந்தையிற் சிறு விலைக்கே போகின்றது. விலையை ஆக்குவன நான்கு. காசு அரிதாயிருத்தல் ஒன்று. தேயாமலும் சிதையாமலும் இருத்தல் மற்றொன்று. அதனை விரும்பித் தேடுவோர் பலராயிருத்தல் மூன்றாவது. மெய்யான காசு என்பதற்கு ஐயமற்ற சான்று இருத்தல் நான்காவது. இந்நான்கில் ஒன்று குறையினும் விலை வீழ்ந்துவிடும்.

அச்சுப் பிழைகளைப் பற்றிய செய்திகளே இன்று மிகுதியாகப் பரவுகின்றன. அவற்றை விளங்குவதற்கு நாணயசாலையின் தொழிலைச் சிறிது அறிதல் வேண்டும். காசின் உருவம் முதலில் ஒரு மூல அச்சிற் செதுக்கப்பெற்று, அம்மூலத்தை உருக்குத் துண்டின் மீது அழுத்துவதால் வேலை அச்சு உண்டாகின்றது. முன்னாளில் ஒரே வேலை அச்சை இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது. இரண்டாம் அழுத்தம் முதல் அழுத்தத்தோடு சரியாகப் பொருந்தாவிடின், எழுத்தும் இலக்கமும் இரட்டையாகப் பதிந்துவிடும். அவ்வச்சினால் அடிக்கப்படும் ஒவ்வொரு காசும் அவ்விரட்டைத் தோற்றத்தைத் தாங்கும். 1955ஆம் ஆண்டில் பிலடெல்பியா நாணயசாலையில் இவ்வாறு நேர்ந்தது. பிழை கண்டுபிடிக்கப்படுமுன் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட சதங்கள் ஏனையவற்றுடன் கலந்துவிட்டன. அக்காலத்தில் 23 சத விலையுள்ள சிகரெட் பெட்டியை 25 சதம் இட்டுப் பொறியிலிருந்து எடுப்போருக்கு, மீதி இரண்டு சதமும் பெட்டியின் உறைக்குள்ளேயே வைத்துக் கொடுக்கப்பட்டது. அக்காசுகளிற் பல அவ்வழியே மக்கள் கைக்குச் சேர்ந்தன என்பர். நல்ல நிலையிலுள்ள அத்தகைய சதமொன்று இன்று ஆயிரம் டொலருக்கு மேல் விலைபோகின்றது.

இஃது உண்மை. ஆனால் இவ்வுண்மையின் நிழலில் வேறொன்று உலாவுகின்றது. நெடுநாள் உழைத்துத் தேய்ந்த அச்சினால் அடித்த காசிலும் இலக்கங்கள் சற்றே இரட்டித்தாற்போலத் தோன்றும். அடிக்கும் வேளையில் அச்சுச் சிறிது அசைந்தாலும் அவ்வாறே தோன்றும். இவை எந்த நாட்டுச் சில்லறையிலும் எளிதிற் காணக்கூடியவை. தனி விலை பெறுவன அல்ல. மெய்யான 1955ஆம் ஆண்டு இரட்டைப் பதிவைக் காண உருப்பெருக்குக் கண்ணாடியே தேவையில்லை. வெறுங்கண்ணுக்கே தெளிவாகத் தெரியும். உற்று உற்று நோக்கி ஐயத்தோடு காணும் இரட்டைக் கோடு பெரும்பாலும் தேய்வின் கோடேயாகும்.

அரைகுறை உண்மை முழுப் பொய்யினும் கொடிது என்பதற்குப் பிரித்தானிய நாணயமொன்று சான்று. அந்நாட்டின் இரண்டு பென்சு நாணயத்தில் 1971 முதல் 1981 வரை ‘நியூ பென்ஸ்’ என்ற சொற்கள் பொறிக்கப்பட்டன. 1982 முதல் அவை ‘டூ பென்ஸ்’ என்று மாற்றப்பட்டன. 1983ஆம் ஆண்டுக்குரிய சில காசுகள் மட்டும் தவறுதலாகப் பழைய சொற்களுடன் வெளிவந்தன. அவையே அரியவை. இச்செய்தி வாய் மாறிச் செவி மாறிப் பரவுகையில் ஆண்டு உதிர்ந்துபோயிற்று. ‘நியூ பென்ஸ்’ என்றிருந்தாற் போதும், பெருஞ்செல்வம் என்றாயிற்று. 1971ஆம் ஆண்டில் மட்டும் அடிக்கப்பட்ட இரண்டு பென்சு நாணயங்கள் 145 கோடிக்கு மேற்பட்டவை. அவற்றின் பெறுமதி இரண்டு பென்சே.

அமெரிக்காவில் 2025 நவம்பரில் புழக்கத்துக்கான ஒரு சதக் காசு அடிப்பது நிறுத்தப்பட்டது. உடனே பழைய சதங்கள் யாவும் விலையுயர்ந்தவையாகிவிட்டன என்ற பேச்சும் எழுந்தது. ஏறத்தாழ 30,000 கோடிச் சதங்கள் மக்களிடையே உள்ளன என்பது அந்நாட்டு அரசின் மதிப்பீடு. கடலளவு உள்ள பொருளை அரிய பொருளென்று கூறுதல் பொருந்துமா?

விலை பற்றிய மயக்கம் மற்றொன்று. இணையச் சந்தையில் ஒருவர் ஒரு காசுக்குப் பத்தாயிரம் பவுண் என்று விலை குறிக்கின்றார். அதனைக் கண்ட மற்றொருவர், அதுவே அதன் மதிப்பு என்று காணொளி வெளியிடுகின்றார். அக்காசு விற்கப்பட்டதா என்று எவரும் வினவுவதில்லை. பிரித்தானிய இருபது பென்சு நாணயத்தின் உருவம் 2008ஆம் ஆண்டில் மாற்றப்பட்டபோது, ஆண்டு பொறிக்கும் இடம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றப்பட்டது. ஒரு தொகுதியில், ஆண்டில்லாத பழைய பக்கமும் ஆண்டில்லாத புதிய பக்கமும் தவறுதலாக இணைந்தமையால், ஆண்டே இல்லாத காசுகள் வெளிவந்தன. சிலர் அவற்றுக்கு ஆயிரக்கணக்கில் விலை கேட்டனர். அவை உண்மையில் விலைபோவதோ சில பத்துப் பவுண்களுக்கே. விலை கேட்பது ஒன்று. விலை போவது வேறு. ஏலத்தில் முடிவுற்ற விற்பனை விலையே நம்பத்தக்க அளவுகோல்.

இம்மயக்கம் ஏமாற்றத்தோடு நின்றுவிடின் தீங்கு சிறிதே. அதன் மேல் ஒரு வஞ்சகமும் வளர்ந்துள்ளது. காசின் படத்தை அனுப்பியவுடன், நேரிற் பாராமலே, மறுமுனையிலுள்ளவர் பெருந்தொகைக்கு உடன்படுகின்றார். பின்னர் பதிவுக் கட்டணம் என்கின்றார், வரி என்கின்றார், பணத்தை அனுப்பும் செலவு என்கின்றார். ஈற்றில் வங்கிக் கணக்கின் இரகசிய இலக்கத்தையும் கேட்கின்றார். இந்தியாவில் இவ்வஞ்சகம் ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தும் அளவுக்குச் சென்றது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆந் தேதி அவ்வங்கி வெளியிட்ட அறிவித்தலில், பழைய நாணயங்களையும் தாள்களையும் வாங்கி விற்கும் அலுவலில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்கெனக் கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும், அவ்வாறு அறவிட எவருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் மக்களை எச்சரித்தது. எந்நாட்டார்க்கும் பொருந்தும் விதி ஒன்றுண்டு. பொருளை வாங்குபவர் பணம் தருபவர். விற்பவரிடமே முற்பணம் கேட்பவர் வாங்குபவர் அல்லர்.

வஞ்சகரிடம் இழப்பதைப் போலவே தம் கையாலேயே இழப்போரும் உளர். பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டு விளக்கும் பழக்கத்தினால், பழங்காசு கிடைத்தவுடன் புளியையும் சாம்பலையும் தேடுவது இயல்பு. காசு பளபளக்கும், அதன் மதிப்போ போய்விடும். ஆண்டுகள் செல்லச் செல்ல உலோகத்தின் மீது படியும் இயற்கை நிறமே அது தீண்டப்படாதது என்பதற்குச் சான்று. தேய்த்த காசில் நுண்ணிய கீறல்கள் விழுந்துவிடுகின்றன. அவற்றைத் திரும்ப அழிக்க இயலாது. ஆகவே காசை விளிம்பிற் பிடித்து எடுத்தல், விளக்காமலிருத்தல், ஈரமற்ற இடத்தில் தனித்தனிக் கடதாசி உறையில் இடுதல் என்பன போதும்.

இவ்வளவும் கூறியது, எவரும் சில்லறையைத் தேட வேண்டாம் என்பதற்காக அன்று. தேடுவதில் இழப்பில்லை, நூறு காசைப் புரட்டி ஒன்றும் காணாவிடினும் நூறு காசும் தம் பெறுமதியோடு அப்படியே இருக்கும். மாறாக, ஊதியம் உண்டு. ஒரு சிறுவன் காசின் ஆண்டை வாசிக்கையில், போர் ஏன் உலோகத்தை மாற்றியது என்று கேட்பான். அரசு மாற முகம் மாறியதை உணர்வான். காந்தமும் தராசும் கையிலெடுத்துச் சோதனை செய்யப் பழகுவான். கேட்டதை நம்புவதற்கும் கண்டதை அறிவதற்கும் உள்ள வேறுபாடு அவனுக்கு அக்காசிலேயே விளங்கிவிடும்.

பிட்சுபீல்ட் மாணவன் அக்காசை எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தன்னிடமே வைத்திருந்தான். முதுமையில் அவர் இறந்த பின், 2019 சனவரியில் அது 2,04,000 டொலருக்கு ஏலம் போயிற்று. அத்தொகை அந்நகரத்துப் பொது நூலகத்துக்குச் சேர்ந்தது. வதந்தி வாக்களித்த மோட்டார் வண்டி வரவேயில்லை; வந்திருந்தாலும் அது என்றோ துருப்பிடித்துப் போயிருக்கும்.